அண்ணனுக்கு வராதது எனக்கு ஏன் வந்தது?

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் தஞ்சாவூர். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மூன்று மணியாகிவிடும். அன்று நீடாமங்கலத்தில் பேருந்து பாலம் ஏறும்போது வெண்ணாறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 12இல் மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர். ஆயுசு முழுக்க அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய மனிதர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணனுக்கு எனக்கு எட்டு வருஷம் முன்னாடியே சுகர். மாத்திரையும் நினைச்சாதான் போடுவார். அவருக்கு வராதது எனக்கு ஏம்மா வந்துச்சு?"

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் சொல்லித்தருகிறேன். சிறுநீரகப் பாடத்தை வருஷம் தவறாமல் கரும்பலகையில் வரைகிறேன். ஆனாலும் அன்று என்னிடம் பதில் இல்லை. "நீங்க ஓய்வா சாய்ஞ்சு உட்காருங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் இருந்தார். அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்கவில்லை. நான்தான் அதை விடவில்லை. அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது ஓரளவு பதில் தெரியும். அவருக்குச் சொல்ல முடியாததை எழுதியாவது வைக்கிறேன். எங்களைப் போன்ற குடும்பங்கள் இந்தக் காவிரிப் படுகையில் ஊருக்கு நாலு இருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோய் உள்ள எல்லோருக்கும் கிட்னி போவதில்லை. பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்குத்தான் சிறுநீரக நோய் வருகிறது. மற்றவர்களுக்கு இருபது முப்பது வருஷம் சுகர் இருந்தும் சிறுநீரகம் தாக்குப்பிடிக்கிறது. பெரியப்பா அந்த ரகம். எழுபத்தெட்டு வயது. மூன்று மாத சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி) எட்டரைக்குக் கீழே இறங்கியதே கிடையாது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் அவர் ரத்தத்தில் இன்றைக்கும் ஒன்றுக்குள்தான். அப்பா அவரைவிடக் கட்டுப்பாடாக இருந்தவர். ஆகவே சர்க்கரையின் அளவு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பது எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே தெரிந்த விஷயம்.

சர்க்கரை சிறுநீரகத்தை என்ன செய்கிறது என்பதை எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால் எளிதாகப் புரியும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றும் மயிரிழையைவிட மெல்லிய ரத்தக்குழாய்களின் முடிச்சு. முடிச்சுக்கு ரத்தம் வர ஒரு மடை, வெளியே போக ஒரு மடை. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் வருகிற மடை அகலத் திறந்துகொள்கிறது, போகிற மடை இறுகிக்கொள்கிறது. நடுவில் இருக்கிற வயலுக்கு என்ன ஆகும்? வரப்பு முட்டும். சிறுநீரகம் முன்பைவிட அதிகமாக வடிகட்டும். அதனால் ஆரம்ப வருஷங்களில் ரிப்போர்ட்டைப் பார்த்தால் நன்றாகவே இருப்பதுபோலத் தெரியும். வருஷக்கணக்கில் முட்டி முட்டி வரப்பில் ஓட்டை விழுகிறது. ரத்தத்திலேயே தங்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் அந்த ஓட்டை வழியாகச் சிறுநீரில் கசிகிறது. மூத்திரத்தில் நுரை கட்டுகிறது என்பார்களே, அது பல சமயம் இதனால்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற நுரை வருவதற்குப் பல வருஷம் முன்பே கசிவு தொடங்கியிருக்கும். வலிக்காது, எரியாது, வீங்காது. ஒரு முறை அழிந்த வடிகட்டி திரும்ப முளைப்பதில்லை. ஏறக்குறைய பாதி அழிகிற வரைக்கும் கிரியேட்டினின் பெரிதாக அசையாமல் இருக்கலாம்.

அப்பாவுக்குப் பதினான்கு வருஷம் சர்க்கரை பார்த்தார்கள். சாப்பிடும் முன், சாப்பிட்ட பின் என்று ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். சிறுநீரில் ஆல்புமின் பார்க்க ஒரே ஒரு தடவைகூட யாரும் எழுதித்தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தெரியாது. முழங்கால் வலிக்கு அவர் மருந்துக்கடையில் வாங்கிப் போட்ட மாத்திரைகளும், அறுவடை நேரத்தில் போட்டுக்கொண்ட வலி ஊசிகளும் சேர்ந்து சிறுநீரகத்தைப் படுத்தியிருக்கும் என்று பின்னால்தான் தெரிந்தது.

சரி, வம்சத்துக்கு வருகிறேன். அப்பாவோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவர் பெரியப்பா, நடுவில் அத்தை. அத்தைக்கும் சுகர் உண்டு. அவர்கள் கடைசி ஐந்தாறு வருஷம் வெளுத்துப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார்கள். ரத்தசோகை என்று சொன்னார்கள். நாங்களும் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அத்தை இறந்து இரண்டு வருஷம் கழித்து அப்பாவின் கிரியேட்டினின் 4.2 என்று வந்த அன்றைக்கு, அத்தையின் மூத்த மகள் போனில் அழுதுகொண்டே சொன்னாள்: "அம்மாவுக்கும் கிட்னிதான். தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருந்த நேரம். வெளியில தெரிஞ்சா யார் பொண்ணெடுப்பாங்கன்னு அப்பா சொல்ல வேண்டாம்னுட்டாங்க."

அத்தைக்குத் தெரியவந்த அந்த வருஷம் அப்பாவுக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தக் கணக்கை நான் எத்தனை இரவு போட்டுப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லி மாளாது. அத்தையின் மேலோ மாமாவின் மேலோ எனக்குக் கோபம் இல்லை. பெண்ணை வைத்துக்கொண்டு பயந்த பெற்றோர் அவர்கள். ஆனால் அந்த ஒரு செய்தி அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அப்பாவின் கதை வேறு மாதிரி போயிருக்கக்கூடும்.

இதை வெறும் ஆற்றாமையால் சொல்லவில்லை. சென்னையில் நடந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்களின் உடன்பிறந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களும் சர்க்கரை நோயாளிகள்தான். அவர்களில் சரிபாதிப் பேருக்குச் சிறுநீரில் புரதம் கணிசமாகப் போனது. கால்வாசிக்குக் கொஞ்சம் மேலானவர்களுக்குக் கசிவின் ஆரம்பக்கட்டம். சர்க்கரை இருந்தும் சிறுநீரகம் கெடாதவர்களின் உடன்பிறந்தவர்களிடம் அந்தக் கணிசமான புரதம் ஒருவருக்குக்கூட இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் நம் தமிழ்நாட்டு மனிதர்களைப் பற்றியது. அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா என்ற பூர்வகுடி மக்களிடம் 1990இல் இதையே தலைமுறை வைத்துப் பார்த்தார்கள். தாய் தகப்பன் இருவருக்கும் புரதம் போகாதிருந்தால், சர்க்கரை வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 14 பேருக்குப் புரதம். ஒருவருக்கு இருந்தால் 23. இருவருக்கும் இருந்தால் 46.

இவை இரண்டையும் படித்துவிட்டு அன்று ராத்திரி வெகுநேரம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் கேள்விக்கு முதல் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. பெரியப்பாவுக்கு வாய்த்த ஜீன்கள் வேறு. அப்பாவுக்கும் அத்தைக்கும் வாய்த்தவை வேறு. ஒரே தாய் வயிற்றில் பிறந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைத்துப் போட்டுத்தான் வருகிறது.

ஜீன் மட்டும்தானா என்றால், இல்லை. ஒரு வீட்டில் பிறந்தவர்கள் ஒரே உலைச் சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள். கருவாடும் வடுமாங்காயும் அப்பளமும் எல்லோருக்கும் ஒன்றுதான். அத்தையும் அப்பாவும் பிறந்த காலத்தில் பாட்டி எப்படிச் சாப்பிட்டிருப்பார் என்பதும் இதில் சேரும். எடை குறைவாகப் பிறக்கிற குழந்தைக்கு வடிகட்டிகளின் எண்ணிக்கையே குறைவாக இருக்கும், அதனால் பிற்காலத்தில் சிறுநீரக நோய் எளிதாகத் தாக்கும் என்று 1988 முதலே ஆராய்ச்சியாளர்கள் சொல்லிவருகிறார்கள். ஒரு வருஷத்துப் பஞ்சம் அறுபது வருஷம் கழித்து வந்து நிற்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மனசு கலங்குகிறது.

ஜீன் விஷயத்தில், எந்த ஜீன் என்று விரல் நீட்டிச் சொல்கிற மாதிரி ஒன்று இல்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் டிஎன்ஏவை ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், சிறுநீரகத்தின் வேலைத்திறனோடு தொடர்புள்ள 264 இடங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவுதான். ஆனால் கடுகுகள் சேர்ந்தால் படி நிறையும். இந்த ஆய்வுகளில் இடம்பெற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பது எனக்குப் பெரிய குறை. சர்க்கரை இவ்வளவு மலிந்த நம் மண்ணில் இதே அளவுக்கு ஆராய்ச்சி நடந்தாக வேண்டும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பத்துக் கோடிக்கும் மேல்.

அந்தக் கடுகுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். இவை இரண்டும்தான் எனக்குக் கண்ணைத் திறந்தவை.

ஒன்று, யுமோட் என்ற ஜீன். ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரில் மிக அதிகமாக இருக்கிற புரதத்தை உண்டாக்குவது இதுதான். அதன் பெயர் யூரோமாடுலின். சிறுநீர்ப் பாதையில் கிருமி ஒட்டாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. இந்த ஜீனின் ஒரு வகை அந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. சிறுநீரகக் கல் வராமல் தடுக்கிறது. கூடவே உடம்பில் உப்பைப் பிடித்துவைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, நாளடைவில் சிறுநீரகத்தை நோகச் செய்கிறது. 2010இல் ஐஸ்லாந்தில் இதை ஆராய்ந்தபோது, இளம் வயதில் இந்த வகை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் கிரியேட்டினினில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வயது ஏற ஏற வித்தியாசம் விரிந்தது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களிடம் இன்னும் அதிகமாக விரிந்தது. ஏறத்தாழ 15 லட்சம் பேரைச் சர்க்கரை உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்துப் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வும் அதையே சொன்னது. பெரும்பாலான ஜீன்கள் இரண்டு கூட்டத்திலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. சில மட்டும் வேறுபடுகின்றன. யுமோட் அந்தச் சிலவற்றில் ஒன்று. சர்க்கரை உள்ளவர்களிடம் அதன் அடி பலமாக விழுகிறது.

இன்னொன்று, வடிகட்டியின் சவ்வை நெய்கிற கொலாஜன் ஜீன்களில் ஒன்று. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள (பெரும்பாலும் இளம் வயதில் வந்து இன்சுலின் ஊசி தேவைப்படுகிற வகை) சுமார் இருபதாயிரம் பேரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. அந்தக் கொலாஜனில் ஓரிடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தவர்களுக்குச் சிறுநீரக நோய் குறைவாக இருந்தது. அந்தப் பாதுகாப்பு யாரிடம் பளிச்சென்று தெரிந்தது என்றால், சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தவர்களிடம். சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் அந்த மாற்றம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வயல் ஞாபகம் வந்தது.

என் தம்பி நாலு ஏக்கரில் சம்பா போடுகிறான். முன்பெல்லாம் சிஆர் 1009 என்ற நெல் ரகம். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் எங்கள் பக்கம் வடிகால் கிடையாது, ஒரு வாரம் பத்து நாள் பயிர் முங்கிக் கிடக்கும். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் அழுகி நாற்றமடிக்கும். இப்போது அவன் போடுவது சிஆர் 1009 சப்-1. ஒடிசாவின் பழைய நெல் ரகம் ஒன்றிலிருந்து வந்த ஒரு ஜீனை அதில் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஜீன் இன்னதென்று கண்டுபிடித்துச் சொன்னது 2006இல். முங்கிய பயிர் மூச்சுக்காக மேலே மேலே நீண்டு தன் மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துவிடும். இந்த ஜீன் உள்ள பயிர் நீளாமல் அடக்கிக்கொண்டு காத்திருக்கும். இரண்டு வாரம் முங்கினாலும் தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். வெள்ளம் வராத வருஷத்தில் இரண்டு ரகத்தையும் பக்கத்துப் பக்கத்து வயலில் போட்டால் எங்கள் ஊரில் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. அந்த ஜீன் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று சொல்வது வெள்ளம்தான்.

பெரியப்பா சப்-1. அப்பா பழைய 1009. சர்க்கரைதான் வெள்ளம். அப்பாவுக்குச் சர்க்கரையே வந்திருக்காவிட்டால், அந்த ஜீன்களோடேயே எண்பது வயது வரை வரப்பில் நடந்திருப்பார். அவர் கேட்டதற்கு என் பதில் இதுதான்.

தம்பிக்கு நாற்பத்தொன்று. நாலு வருஷமாகச் சுகர். அப்பாவின் காரியம் முடிந்த அன்று கொல்லைப்புறத்தில் நின்று சொன்னான்: "எனக்கும் அப்பா வாகுதான்க்கா. எப்படியும் வரத்தான் போகுது. வர்றப்ப பாத்துக்கலாம்." விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்று நம்மிடம் பழமொழி இருக்கிறது. அது உண்மைதான். ஆனால் அந்தப் பழமொழியை நம்பி எந்த விவசாயியும் வடிகால் வெட்டாமல் இருந்ததில்லை. அதை அப்படியே அவனிடம் சொன்னேன். "உன் வயல்ல சப்-1 இல்லைன்னு தெரிஞ்சா நீ என்ன பண்ணுவ? விதியேன்னு உட்காருவியா, மழைக்கு முன்னாடி வாய்க்கால் தூர் வாருவியா?" பதில் பேசவில்லை. பத்து நாள் கழித்து அவனாகவே வந்து, "என்ன டெஸ்ட்டுக்கா அது?" என்றான்.

அப்பாவுக்கு யாரும் எழுதித்தராத அந்த ஆல்புமின் டெஸ்ட் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் முதல் சிறுநீரைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போனால் போதும். ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் பார்ப்பார்கள். 30க்குள் இருக்க வேண்டும். 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு. காய்ச்சலோ, சிறுநீரில் கிருமியோ, அன்றைக்குக் கடும் வேலையோ இருந்தால் தற்காலிகமாகக் கூடலாம். அதனால் மூன்று மாத இடைவெளியில் மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். கூடவே ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, சிறுநீரகம் நிமிஷத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கும் போடுவார்கள். சர்க்கரை உள்ள ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டையும் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு எச்சிலில் ஜீன் பார்த்துச் சொல்கிற கம்பெனிகள் இப்போது விளம்பரம் செய்கின்றன. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. உடன்பிறந்தவரின் ரிப்போர்ட்டே நமக்குப் பாதி ஜீன் பரிசோதனை. ஆனால் சின்ன வயதிலேயே சிறுநீரகம் கெட்டால், சிறுநீரில் ரத்தம் போனால், காது கேளாமை சேர்ந்திருந்தால், அல்லது அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கட்டிய குடும்பத்தில் குழந்தைகளுக்கு வந்தால் கதை வேறு. அது ஒற்றை ஜீன் கோளாறாக இருக்கலாம், அங்கே ஜீன் பரிசோதனை தேவைப்படும்.

தம்பிக்கு முதல் தடவை 84. மூன்று மாதம் கழித்து 71. கை நடுங்கிப்போனது எனக்கு. ஆனால் வடிகட்டும் அளவு 90க்கு மேல், முழுசாக இருந்தது. மருத்துவர் இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று ரத்த அழுத்த மாத்திரைகளில் ஒரு வகை, லோசார்டன் குடும்பத்தைச் சேர்ந்தது. இறுகிக் கிடக்கிற வெளி மடையைத் தளர்த்திவிடுவது அதன் வேலை. இன்னொன்று டபாக்ளிஃப்ளோசின். அது சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுவதோடு, அகலத் திறந்து கிடக்கிற உள் மடையைச் சுருக்குகிறது. இந்த வகை மருந்து சர்க்கரையால் வரும் சிறுநீரக நோயை மெதுவாக்குகிறது என்று 2019, 2020இல் வந்த பெரிய ஆய்வுகள் நிரூபித்தன. 2020 கடைசியில் காப்புரிமை முடிந்து, நம் நாட்டில் விலையும் நன்றாக இறங்கிவிட்டது. அப்பா டயாலிசிஸ் இருக்கைக்குப் போன பிறகுதான் இந்த மருந்தின் பெயரையே கேள்விப்பட்டேன். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் மருந்து இல்லை, மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

இந்த மருந்து பிறந்த கதையிலும் ஜீன் இருக்கிறது. ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து 1835இல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் சிறுநீரில் சர்க்கரை போவதை அதன் பிறகு கண்டார்கள். இன்னொரு பக்கம், ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் பிறவியிலிருந்தே சிறுநீரில் சர்க்கரை போகிற சிலர் உலகத்தில் இருக்கிறார்கள். வடிகட்டியதிலிருந்து சர்க்கரையை மீட்டெடுக்கிற ஜீன் அவர்களுக்குப் பழுது. ஆனாலும் பெரும்பாலும் ஒரு குறையும் இல்லாமல் வாழ்கிறார்கள். அந்த வழியை மருந்தால் அடைத்தாலும் ஆபத்தில்லை என்ற தைரியத்தை ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தது அவர்களின் உடம்பு. யாரோ ஒருவரின் பழுதுபட்ட ஜீன் என் தம்பிக்கு மாத்திரையாக வந்து சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அந்த அட்டையை வாங்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஒரு வருஷத்தில் அவனுக்கு 71 என்பது 22 ஆனது. கருவாடும் ஊறுகாயும் வாரத்தில் ஒரு நாளைக்கு என்றாகிவிட்டது. அதில்தான் அவனுக்கு ரொம்ப வருத்தம். வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடுவதில்லை. ஊருக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம், சுகர் இருக்கிறவர்களுக்குச் சிறுநீர் ஆல்புமின் டெஸ்ட் எப்போது என்று கேட்டுவைத்து, பக்கத்து வீட்டுக்காரர்களையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். எனக்கு இன்னும் சுகர் வரவில்லை, மூன்று மாத சராசரியில் எல்லைக்கோட்டில், 5.9இல் நிற்கிறேன். சாயங்காலம் பாமணியாற்றங்கரையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன்.

போன மாதம் திருப்பூரிலிருந்து அத்தையின் சின்ன மகள் கூப்பிட்டாள். எந்தச் சம்பந்தத்துக்காக அத்தையின் நோயை மூடி வைத்தார்களோ, அந்தச் சம்பந்தத்தில் வாழ்கிறவள். இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தில் வந்த சுகர் அப்படியே தங்கிவிட்டது.

"அண்ணி, அம்மாவுக்கு என்ன இருந்துச்சுன்னு எங்க வீட்டுல இன்னும் யாருக்கும் தெரியாது. எனக்கும் டெஸ்ட் எடுக்கணும்னா என்னன்னு சொல்லி எடுக்கிறது?"

அரைமணி நேரம் பேசினோம். அப்பாவைப் பற்றி, தம்பியின் 84 பற்றி, வெளி மடை உள் மடை பற்றி எல்லாம் சொன்னேன். உன் வீட்டுக்காரரிடம் அம்மாவைப் பற்றி முதலில் சொல், டெஸ்ட் அப்புறம் என்றேன். அவள் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

நேற்று மறுபடி கூப்பிட்டாள். சொல்லிவிட்டாளாம். "பதினோரு வருஷமா இதை ஏன் மனசுக்குள்ள வச்சிருந்தே" என்று மட்டும் கேட்டாராம். திங்கட்கிழமை காலையில் இருவரும் சேர்ந்து போகிறார்கள். அவருடைய அப்பாவுக்கும் சுகர் இருக்கிறது, அவரையும் அழைத்துக்கொண்டு.